தொலைதூரத் தீவுகளுக்கு விடுமுறைக்குப் போகும்போது பட்டம் கொண்டுபோகலாமா?

கட்டாயம் கொண்டுபோங்கள். தீவில் காற்று பலமாக இருக்குமே, பட்டம் ஒழுங்காக ஏறுமா, அல்லது பெட்டியில் இடத்தை அடைப்பதோடு சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரையில் பிறந்தவன். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஆளைவிடப் பெரிய பட்டங்கள் ஏறுவதைப் பார்த்து வளர்ந்தேன். இப்போது ஸ்கொட்லாந்தில் இருக்கிறேன். இதன் வடமேற்கே அத்லாந்திக்கில் கிடக்கும் அவுட்டர் ஹெப்ரிடீஸ் தீவுகளுக்குக் குடும்பத்தோடு மூன்று முறை போயிருக்கிறேன், மூன்று முறையும் பட்டத்தோடுதான். எனக்குத் தெரிந்த அந்தத் தீவுகளை வைத்தே சொல்கிறேன்.

முதல் முறை, ஊர்ப் பழக்கத்தில் மூங்கில் குச்சி சீவி, மெல்லிய தாள் ஒட்டி, ஓர் எட்டுமூலைப் பட்டம் கட்டிக் கொண்டுபோனேன். ஹரிஸ் தீவில் லஸ்கென்டயர் என்று ஒரு கடற்கரை. வெள்ளை மணல், கடல் வற்றும் நேரத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளித் தரவையாகக் கிடக்கும். பட்டம் விர்ரென்று ஏறியது. ஒரு நிமிடம்கூட இராது, நடுக்குச்சி சடக்கென்று முறிந்து, தாள் கிழிந்து, பத்து மீட்டர் தள்ளி மணலில் விழுந்தது. எட்டு வயது மகள் அழுதுவிட்டாள்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பட்டத்தின்மேல் விழும் விசை நான்கு மடங்காகும். மணிக்கு 15 முதல் 25 கிலோமீட்டர் வரை வீசும் காற்று பட்டத்துக்கு நல்ல வாகு. அங்கே அது அடிக்கடி 30-ஐத் தாண்டும். நம் ஊரில் காற்றுக்காகக் காத்திருப்போம். அங்கே காற்று தணியக் காத்திருக்க வேண்டும். அதனால் குச்சியே இல்லாத துணிப் பட்டம் வாங்குங்கள். காற்று நிரம்பினால் தானாக உருவம் எடுக்கும், மடித்தால் கைப்பைக்குள் அடங்கும். குச்சிப் பட்டம்தான் வேண்டும் என்றால், பலமான காற்றில் முச்சையின், அதாவது பட்டத்தையும் நூலையும் இணைக்கும் கட்டின், முடிச்சைத் தலைப்பக்கமாக அரை அங்குலம் ஏற்றிக் கட்டுங்கள். பட்டம் காற்றை முழு முகத்தில் வாங்காமல் சாய்த்து வாங்கும், இழுவை குறையும். வாலையும் நீளமாக்குங்கள். அன்று நாங்கள் கரையில் ஒதுங்கிக் கிடந்த செம்மஞ்சள் நிற வலைக்கயிற்றை வெட்டி, பிரித்து, அடுத்த நாள் சின்னத் துணிப் பட்டத்துக்கு வாலாகக் கட்டினோம். அது ஆடாமல் அசையாமல் நின்றது. கையுறை மறக்கவே வேண்டாம். அந்தக் காற்றில் நைலோன் நூல் ஓடினால் விரலை வெட்டிவிடும்.

எங்கே நிற்பது என்பதைப் பற்றித்தான் கொஞ்சம் கூடச் சொல்ல விரும்புகிறேன். நல்ல மணற்கரைகள் பெரும்பாலும் மேற்குப் பக்கம். காற்றும் அதிகம் மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும்தான் வரும். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றால் பட்டம் நிலத்தின் மேலே நிற்கும். வல்வெட்டித்துறையில் வாடைக்காற்றுக்கு நிற்பதும் அப்படித்தான் என்பதால் எனக்கு அது இயல்பாக வந்தது. ஆனால் இந்தத் தீவுகளில் மணலுக்குப் பின்னால் மக்கேர் என்று ஒரு புல்வெளி இருக்கிறது. சிப்பித்தூள் மணல் காற்றில் பறந்து படிந்து உண்டான நிலம், ஜூன் ஜூலையில் பூவாய்ப் பூத்துக்கிடக்கும். அந்தப் புல்லில்தான் ஆட்காட்டி வகைப் பறவைகள், உள்ளான்கள் எல்லாம் வெறுந்தரையில் முட்டையிடுகின்றன, ஏப்ரலிலிருந்து ஜூலைவரை.

இரண்டாம் முறை நான் கொண்டுபோனது பிராந்துப் பட்டம். பருந்தைத்தான் நாங்கள் பிராந்து என்போம். விரித்த சிறகும் வாலுமாக அச்சு அசல் பிராந்துபோல இருக்கும். அது புல்வெளிக்கு மேலே போய் நின்றதும் கீழேயிருந்து பறவைகள் கத்திக்கொண்டு எழும்பின. ஒன்றிரண்டல்ல, ஒரு கூட்டமே. பிராந்தின் நிழல் விழுந்தால் முற்றத்துக் கோழி எப்படிப் பதறும்? அதே பதற்றம். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் வேலியைத் தாண்டி வந்து, தாய்ப்பறவை எழும்பிய நேரத்தில் முட்டை குளிர்ந்துவிடும், கடற்காகங்களும் அதற்காகவே காத்திருக்கும் என்று பொறுமையாகச் சொன்னார். உடனே நூலைச் சுற்றிவிட்டேன். அப்புறம் அந்தப் பட்டத்தைக் கூடுகட்டும் காலத்தில் எடுத்ததே இல்லை. இப்போது வற்றுநேரம் பார்த்து, தண்ணீரோரமாக நின்று, நூலைக் குறைத்து, பட்டம் மணலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்கிறேன். கரைவழியே காற்று வீசும் நாள் இன்னும் நல்லது. அறுந்த நூலை ஒரு சாண்கூட விடாமல் பொறுக்கிவிடுங்கள். பறவையின் காலில் சுற்றினால் அதை அவிழ்க்க யாரும் இல்லை.

பிரித்தானியச் சட்டப்படி அனுமதியில்லாமல் பட்டத்தை நிலத்திலிருந்து 60 மீட்டருக்கு மேலே ஏற்றக்கூடாது. விமான நிலையத்தைச் சுற்றிய வான் எல்லைக்குள் 30 மீட்டர்தான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், அதே தீவுக்கூட்டத்தில் உள்ள பாரா தீவில் கடற்கரையேதான் விமான நிலையம். மட்டி பொறுக்கும் பெரிய மணல்தரவையில் மூன்று ஓடுபாதைகள். பெருக்கில் எல்லாம் கடலுக்குள் போய்விடும். கிளாஸ்கோவிலிருந்து வரும் சின்ன விமானம் வற்றுநேரம் பார்த்து மணலில் இறங்கும். காற்றின் திசை காட்டும் காற்றுப்பை கம்பத்தில் ஏறியிருந்தால் விமான நிலையம் இயங்குகிறது என்று பொருள், கரையில் கால்வைக்கக்கூடாது. அங்கே பட்டம் வேண்டவே வேண்டாம்.

லூயிஸ், ஹரிஸ் தீவுகளில் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வுநாளாகக் கடைப்பிடிக்கும் மக்கள் அதிகம். 2009 வரை லூயிஸின் துறைமுகமான ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிறன்று பெரிய கப்பல்கூட ஓடவில்லை. நாங்கள் தங்கிய வீட்டம்மா, பட்டப்பையைப் பார்த்துவிட்டு, "நாளைக்கு ஏற்றினால் நல்லது" என்று மட்டும் சொன்னார். அன்று முழுக்கப் பையைத் திறக்கவில்லை.

எனக்குப் பிடித்த இடத்தைக் கேட்டால் பாராவுக்குத் தெற்கே வாட்டர்சே. 1991-இல் கடலின் குறுக்கே கட்டிய கற்பாதைவழியாகக் காரிலேயே போய்விடலாம். தீவின் இடுப்பு அங்கே ஒடுங்கிக் கிடக்கும். மேற்கே ஒரு கரை, கிழக்கே ஒரு கரை, நடுவில் மணல்மேடு. காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் கொஞ்ச நேரம் நடந்தால் தோதான கரைக்குப் போய்விடலாம். மரமே இல்லாததால் சிக்குவதற்கும் ஒன்றுமில்லை. காற்று இருக்கும்வரை மிட்ஜ் என்ற பொடிக் கடிபூச்சியும் கிட்ட வராது.

மூன்றாம் முறை அங்கேதான் விண், அதாவது காற்றில் கூவும் நாடா, பூட்டிய பட்டத்தை ஏற்றினேன், ஆகஸ்ட் மாதம், ஒரு மாலை. பெட்டி கட்டும் பிளாஸ்டிக் நாடாவை மெல்லிசாகச் சீவி வில்லில் இழுத்துக் கட்டியது. இருபது மீட்டர் ஏறியதும் கூவத் தொடங்கியது. நாயோடு நடந்துவந்த ஒரு முதியவர் நின்று, வானத்தைப் பார்த்து, கடலைப் பார்த்து, கடைசியில் என் கையைப் பார்த்தார். மகள் நூலை அவரிடம் கொடுத்தாள். நூல்வழியே அதிர்வு கைக்கு இறங்கும், அதை உணர்ந்தவுடன் அவர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் ஊரில் இதை இரவெல்லாம் பனையில் கட்டிவிடுவோம், அது கூவிக்கொண்டேயிருக்கும், கேட்டபடி தூங்குவோம் என்று சொன்னேன். பனை என்றால் என்ன மாதிரி மரம் என்று கேட்டார். மகள் மணலில் குச்சியால் வரைந்து காட்டினாள். அவர் நூலை விடாமலே குனிந்து பார்த்தார்.