நிக்கோட்டின் சூயிங்கம்: வாங்கிய பணம் வீணா?

கேள்வி: இருபது ஆண்டுகளாக நாளொன்றுக்குப் பதினைந்து சிகரெட் பிடிக்கிறேன். அதை விடுவதற்காக மருந்துக் கடையில் 2 மி.கி. நிக்கோட்டின் சூயிங்கம் ஓர் அட்டை வாங்கி, டீ குடித்துக்கொண்டே மென்றேன். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். ஒரு பழக்கத்தை விட இன்னொன்றைக் காசு கொடுத்து வாங்குகிறேனோ என்று தோன்றுகிறது. தொடரலாமா?

பதில்: தொடருங்கள், மெல்லும் முறையை மட்டும் மாற்றுங்கள். காரம் நாவில் உறைக்கும் வரை மெதுவாக மென்று, உறைத்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கி வைத்து, காரம் அடங்கியபின் மீண்டும் மென்று, இப்படி அரை மணி நேரம் வைத்திருந்தால்தான் நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியே இரத்தத்தில் சேரும். விடாமல் மென்றால் அது எச்சிலோடு வயிற்றுக்குப் போய், நீங்கள் சொல்லும் அதே தொல்லைகளைத் தரும். மெல்லும்போதும் அதற்கு முந்தைய 15 நிமிடங்களிலும் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

உங்கள் ஐயம் நியாயமானதே. நிக்கோட்டின் அடிமைப்படுத்தும் பொருள்தான். சிலர் சூயிங்கத்தையே மாதக்கணக்கில் விடமுடியாமல் தவிப்பதும் உண்டு. ஆயினும் புற்றுநோய்க்கும் நுரையீரல் நோய்க்கும் முதன்மைக் காரணம் புகையே, அந்தப் புகை சூயிங்கத்தில் இல்லை. விட முயல்வோர் வெற்றி பெறும் வாய்ப்பை இது ஏறத்தாழ ஒன்றரை மடங்காக்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது.

பலர் ஓர் அட்டையோடு நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். வழக்கமான கால அளவு 12 வாரங்கள். முதல் ஆறு வாரங்களில் ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்துக்கு ஒன்று என நாளுக்குக் குறைந்தது ஒன்பது தேவைப்படும். எனவே அட்டையின் விலையைப் பாராமல் மொத்தச் செலவையும், அதே காலத்துச் சிகரெட் செலவையும் அருகருகே எழுதிப் பாருங்கள். கண் விழித்த அரை மணி நேரத்துக்குள் சிகரெட்டைத் தேடுபவரானால் 2 மி.கி. போதாமல் போகலாம், 4 மி.கி. பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

தாடை வலியோ பல்செட்டோ உள்ளவர்களுக்குத் தோலில் ஒட்டும் நிக்கோட்டின் பட்டை பொருத்தமானது. அது சீராக வேலை செய்யும், ஆனால் திடீரென எழும் ஏக்கத்தை உடனே தணிக்காது. தோல் அரிப்பும், இரவிலும் ஒட்டியிருந்தால் தூக்கக் குறைவும் வரலாம். அண்மையில் மாரடைப்பு வந்தவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் எதையும் வாங்கக் கூடாது. 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணில் ஆலோசனை கிடைக்கும்.

மென்று முடித்ததைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுங்கள். அதில் எஞ்சியிருக்கும் நிக்கோட்டின், எடுத்து வாயில் போடும் குழந்தைக்கு ஆபத்து.