4 294 967 297 முதன்மை எண்ணா? கையால் எப்படிப் பார்ப்பது?

ஹட்டனில் சாதாரண தரம் படிக்கும் தங்கச்சி கேட்ட இந்த எண் 2³² + 1. கணிதவியலாளர் ஃபெர்மா இதை முதன்மை எண் என்றே நம்பினார். 1732இல் இன்னொரு கணிதவியலாளர் ஒய்லர் உடைத்துக் காட்டினார்: 641 × 6 700 417. ஆகவே இது முதன்மை எண் அல்ல, சேர்த்தி எண்.

3, 7, 11 என்று வரிசையாக வகுத்துக்கொண்டு போனால் கொப்பிதான் தீரும். இதன் முதன்மைக் காரணி எதையும் 64ஆல் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். அப்படிப்பட்ட முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641... ஐந்தாவதிலேயே அகப்பட்டுவிடும்.

வகுக்காமலும் காட்டலாம், அதுதான் அழகு. 641 = 5×2⁷ + 1. ஆகவே 641ஆல் வகுக்கும்போது 5×2⁷ இன் மீதியை −1 என்று கொள்ளலாம். நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5⁴×2²⁸ இன் மீதி 1. (குறியை இங்கேதான் பலர் தவறவிடுவார்கள்.) 641 = 5⁴ + 2⁴ என்பதும் உண்மை; எனவே 5⁴க்குப் பதில் −2⁴ இடுங்கள். −2³² இன் மீதி 1 என்று வரும். அப்படியென்றால் 2³² + 1 மீதியின்றி வகுபடும்.

கணினியில் சோதிப்பவர்கள் 64 பிட் மாறி எடுங்கள். குறியில்லாத 32 பிட் மாறி 2³² வந்ததும் மறுபடி 0 ஆகிவிடுவதால், அதில் இந்த எண் வெறும் 1 ஆகிவிடும்.