கைடு இல்லாமல் புதுச்சேரியை நடந்தே பார்க்க முடியுமா? எங்கே தொடங்குவது?

கேள்வி: "ஒரு சனிக்கிழமை முழுக்கக் கையில் இருக்கிறது. வாடகை ஸ்கூட்டரும் கைடும் வேண்டாம். புதுச்சேரியின் பழைய நகரத்தை நடந்தே பார்க்க வேண்டும். எந்த வழியாகப் போகலாம்?"

தாராளமாகப் பார்க்கலாம். பழைய நகரம் சின்னது. சுற்றிலும் புல்வார் என்கிற அகலச் சாலை, உள்ளே நேர்நேராகத் தெருக்கள். வழி தவறினாலும் பத்து நிமிடத்தில் ஏதாவது ஒரு தெரிந்த தெருவில் வந்து நிற்பீர்கள். நான் கடலூரிலிருந்து இங்கே படிக்க வந்து, இங்கேயே தங்கிவிட்டவன். ஊரிலிருந்து யார் வந்தாலும் நடத்தித்தான் கூட்டிப்போவேன். அந்தப் பழக்கத்தில் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன்: கடற்கரையிலிருந்து தொடங்காதீர்கள்.

பெரும்பாலானோர் கடற்கரையில் இறங்கி, மஞ்சள் சுவர்களுக்கு முன்னால் நாலு படம் எடுத்துக்கொண்டு, அதுதான் புதுச்சேரி என்று கிளம்பிவிடுகிறார்கள். எனக்கு அது மனசு கேட்காது. பழைய நகரத்தை ஒரு வாய்க்கால் இரண்டாகப் பிரிக்கிறது. அதற்குக் கிழக்கே பிரெஞ்சுக்காரர் நகரம், மேற்கே தமிழர் நகரம். அன்றைய பிரெஞ்சு வரைபடங்களில் வெள்ளை நகரம், கறுப்பு நகரம் என்றே பெயர். இரண்டையும் ஒரே நாளில், தமிழர் பக்கத்திலிருந்து தொடங்கி நடந்தால்தான் இந்த ஊர் புரியும்.

காலை ஆறரை, ஏழு மணிக்குப் பெரிய மார்க்கெட்டில் ஆரம்பியுங்கள். பெயர்ப்பலகையில் குபேர் அங்காடி என்றிருக்கும், ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மீன், பூ, காய்கறி எல்லாம் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ரங்கப்பிள்ளை வீதிப் பக்கம் வந்தால் ஆனந்தரங்கப்பிள்ளையின் வீடு. துய்ப்ளேக்ஸ் இங்கே பிரெஞ்சு கவர்னராக இருந்தபோது அவருக்கு துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக, இருந்தவர் பிள்ளை. 1736-லிருந்து கிட்டத்தட்ட இருபத்தைந்து வருடம் தமிழில் நாட்குறிப்பு எழுதியவர். கப்பல் வந்தது, சரக்கு விலை, யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று எல்லாம் அதில் இருக்கிறது. 1761 ஜனவரியில் இறந்தார். நகரம் ஆங்கிலேயர் கைக்குப் போனதும் அதே மாதம்தான்.

அந்த வீட்டை அவசரப்படாமல் பாருங்கள். கீழ்த்தளம் மரத்தூண்களோடு நம்மூர் வீடு. மாடியில் காரை பூசிய பருத்த தூண்களோடு பிரெஞ்சு வீடு. பகலெல்லாம் கவர்னரோடும் ராத்திரி தன் நாட்குறிப்போடும் இருந்த மனிதருக்கு இதைவிடப் பொருத்தமான வீடு இருக்க முடியாது.

அங்கிருந்து மிஷன் வீதியில் தெற்கே நடந்தால் சம்பா கோவில். அமலோற்பவ மாதா பேராலயம் என்பது முறையான பெயர். முன்பு இங்கே சேசு சபையாரின் புனித பவுல் ஆலயம் இருந்தது. சேன் பால் என்ற பிரெஞ்சு உச்சரிப்பு நம் வாயில் சம்பா ஆகிவிட்டது. அதன் பக்கத்திலேயே அந்தக் காலத்தில் வேதபுரீஸ்வரர் கோயில் இருந்தது. இரண்டு தரப்புக்கும் பல வருடம் தகராறு. 1748-ல் ஆங்கிலேயர் முற்றுகையின்போது பிரெஞ்சுக்காரர்கள் கோயிலை இடித்தார்கள், பிள்ளை அதை வேதனையோடு எழுதிவைத்திருக்கிறார். பதிமூன்று வருடம் கழித்து ஆங்கிலேயர் நகரைப் பிடித்தபோது இந்த மாதா கோவிலும் இடிபட்டது. இப்போது நிற்கும் ஆலயம் 1791-ல் கட்டி முடித்தது. வேதபுரீஸ்வரரை வடக்கே, காந்தி வீதி ஈஸ்வரன் கோயில் வீதி பக்கம் திரும்ப எழுப்பினார்கள். இந்த ஒரு இடத்துக்காகவாவது மிஷன் வீதியில் பத்து நிமிடம் நில்லுங்கள்.

நேரம் இருந்தால் இன்னும் தெற்கே காஜியார் வீதி, முல்லா வீதி. முஸ்லிம்கள் வாழும் பகுதி, குத்பா பள்ளிவாசல் அங்கேதான். இல்லாவிட்டால் அப்படியே திரும்பி, நேரு வீதியைத் தாண்டி வடக்கே வைசியாள் வீதிக்கு வாருங்கள். கல்வே சுப்பராய செட்டி வீதி என்று பலகை இருக்கும்.

என்னைக் கேட்டால் புதுச்சேரியிலேயே முக்கியமான தெரு இதுதான். கடற்கரைப் பக்கம் பிரெஞ்சு வீடு தெருவுக்கு முகம் காட்டாது. உயரமான மதில், நடுவில் பெரிய கதவு, மதிலுக்கு மேலே எட்டிப்பார்க்கும் காகிதப்பூ. வீடும் தோட்டமும் உள்ளே. வைசியாள் வீதியில் தமிழ் வீடு நேர் எதிர். தெருவை ஒட்டி மரக்கால்கள் நட்டு, ஓடு சரித்து இறக்கிய தாழ்வாரம். அது வழிப்போக்கருக்கு. அதற்குப் பின்னால் திண்ணை, தெரிந்தவர்களும் வியாபாரம் பேச வந்தவர்களும் உட்கார. அதற்கும் பின்னால்தான் நிலைவாசல், ரேழி, முற்றம். வெளியாளுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் இத்தனை படி. பழுது பார்த்துப் புதுப்பித்த இந்தத் தெருவுக்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது.

இதை நான் எங்கும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கல்லூரி முதல் வருடம், ஒரு ஐப்பசி மாதம், இந்தத் தெருவில் போகும்போது மழை பிடித்துக்கொண்டது. கூட என் சித்தி மகன். யார் வீட்டு வாசலிலோ போய் நிற்கிறோமே என்று சுவரோடு சுவராக ஒட்டி, பாதி நனைந்துகொண்டு நின்றோம். உள்ளேயிருந்து ஒரு ஆயா எட்டிப்பார்த்து, "ஏம்ப்பா நனையறீங்க? தாழ்வாரம் எதுக்குப் போட்டிருக்கு, நல்லா உள்ள தள்ளி ஒக்காருங்க" என்றார். மழை விடுகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தோம். ஓட்டிலிருந்து தண்ணீர் ஒரே கோடாக, எங்கள் கால்விரலுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்துகொண்டிருந்தது. அந்த ஒரு முழத்தை யோசித்துத்தானே ஓடு இறக்கியிருக்கிறான் கொத்தன் என்று அப்போது தோன்றியது.

இப்படித் தாழ்வாரம் உள்ள வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஒவ்வொரு வருடமும் ஒரு திண்ணை கடை ஷட்டராக மாறுவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. அதனால்தான் முதலில் இங்கே வாருங்கள் என்கிறேன்.

அப்புறம் ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதி. பாரதியார் வாழ்ந்த வீடு இங்கே அருங்காட்சியகமாக இருக்கிறது. 1908-ல் ஆங்கிலேய அரசு கைது செய்யும் நிலை வந்ததும் சென்னையிலிருந்து இங்கே வந்தவர் 1918 வரை இருந்தார். பிரெஞ்சு மண்ணில் ஆங்கிலேயப் போலீஸ் கை வைக்க முடியாது, ஆனால் தெருமுனையில் ஒற்றர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். 1910-ல் அரவிந்தரும் வ.வே.சு. ஐயரும் வந்து சேர்ந்தார்கள். குயில் பாட்டும் பாஞ்சாலி சபதமும் பிறந்தது இந்த ஊரில்தான். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வீடு. பாரதியாரைச் சந்தித்தபோது அவர் கனக சுப்புரத்தினம் என்ற இளம் தமிழாசிரியர். இரண்டு வீட்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நடந்தே பாருங்கள். அத்தனை பக்கம்!

வெயில் ஏறுவதற்குள் வாய்க்காலைத் தாண்டிவிடுங்கள். சில இடங்களில் நாற்றம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கரையில் காலை வைத்ததும் சத்தம் அடங்குவது உங்களுக்கே தெரியும். 1761-ல் இந்தப் பக்கத்தைத்தான் ஆங்கிலேயர்கள் தரைமட்டமாக்கினார்கள். 1765-ல் நகரம் திரும்பக் கிடைத்ததும் பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி கட்ட ஆரம்பித்தார்கள். ஆகவே இங்கே நீங்கள் பார்க்கும் எந்த மஞ்சள் வீடும் துய்ப்ளேக்ஸ் பார்த்த வீடு அல்ல. மணக்குள விநாயகர் இந்தப் பக்கத்தில் இருந்தும் தப்பித்து நிற்கிறார். மணல் குளத்தருகே இருந்ததால் அந்தப் பெயர்.

இங்கே நடக்கும்போது இரண்டு பலகைகளைக் கவனியுங்கள். ஒன்று, நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்தில் பிரெஞ்சும் தமிழும் சேர்ந்த தெருப் பலகை. துய்மா வீதி, சுய்ப்ரேன் வீதி என்று படிக்கவே நன்றாக இருக்கும். இன்னொன்று வீட்டு வாசலில் இருக்கும் பெயர்ப்பலகை. சில வீடுகளில் பிரெஞ்சுப் பெயர் இருக்கும், திறப்பவர் நம் தமிழர். 1881-ல் வந்த ஒரு ஆணைப்படி, தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தை விட்டுவிட்டு பிரெஞ்சுச் சிவில் சட்டத்தை ஏற்றவர்கள் புதிய குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962-ல் சட்டப்படி இணைந்தது. அப்போது பிரெஞ்சுக் குடியுரிமையே போதும் என்று எழுதிக்கொடுத்தவர்களின் பிள்ளைகள் இன்றும் பிரான்ஸ் தேர்தலில் இங்கிருந்தே வாக்களிக்கிறார்கள். பிரெஞ்சுப் படையில் இருந்து பென்ஷன் வாங்குகிறவருக்கு ஊரில் சொல்தா என்று பெயர்.

பாரதி பூங்காவில் ஆயி மண்டபம் இருக்கிறது. முத்திரப்பாளையத்திலிருந்து நகரத்துக்குக் குடிதண்ணீர் வந்ததன் நினைவாக மூன்றாம் நெப்போலியன் காலத்தில் கட்டியது. தன் வீட்டை இடித்துக் குளம் வெட்டிய ஆயி என்ற தாசியின் பெயரால் ஒரு பிரெஞ்சு மண்டபம். அங்கே மரநிழலில் மதியத்தைக் கழித்துவிட்டு, நாலு மணிக்குத் துய்மா வீதி வழியாகத் தெற்கே போங்கள். சம்மனசுகளின் மாதா கோவிலுக்கு எதிரே ஜான் ஆஃப் ஆர்க் சிலை, அதற்கு அப்பால் கடல்.

கடற்கரைச் சாலையில் மாலை ஆறு மணிக்கு மேல் வண்டி விடமாட்டார்கள். தென்கோடியில் துய்ப்ளேக்ஸ் சிலை, நடுவில் செஞ்சியிலிருந்து கொண்டுவந்த கருங்கல் தூண்கள் சூழ காந்தி சிலை. பக்கத்தில் மேரி கட்டடம், பிரெஞ்சில் நகராட்சி அலுவலகம் என்று அர்த்தம். 2014 நவம்பர் மழையில் அது இடிந்து விழுந்தபோது ஊரே போய் நின்று பார்த்தது, நானும் நின்றேன். பழைய தோற்றத்திலேயே திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

மொத்தம் ஐந்தாறு கிலோமீட்டர்தான் வரும். திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். சனிக்கிழமை இரவு தங்க முடிந்தால் ஞாயிறு காலை காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் போடுவார்கள், அதையும் பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள். வைசியாள் வீதியில் படம் எடுப்பதற்கு முன் திண்ணையில் யாராவது இருந்தால் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உட்காரச் சொல்வார்கள்.