தம்பிக்கு மனச்சிதைவு: எந்தப் புத்தகத்தைப் படிப்பது?

கேள்வி: என் தம்பிக்கு 24 வயது. ஆறு மாதத்துக்கு முன்னால் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரீனியா) என்று டாக்டர் சொன்னார். அம்மா கெஞ்சுவதால் மாத்திரை சாப்பிடுகிறான், ஆனால் தனக்கு நோயே இல்லை என்கிறான். இதைப் பற்றிப் படித்துத் தெரிந்துகொள்ளலாம் என்று புத்தகக் கடைக்குப் போனால், ‘உளவியல்’ அலமாரி முழுக்க வெற்றிக்கு வழி, ஆழ்மன சக்தி என்றுதான் இருக்கிறது. நான் ஆங்கிலமும் படிப்பேன். அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான். எதை வாங்குவது? (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

பதில்: நீங்கள் போய் நின்ற அலமாரி வேறு, உங்களுக்கு வேண்டிய அலமாரி வேறு. கடைக்காரரைச் சொல்லிக் குற்றமில்லை, சுயமுன்னேற்றம்தான் விற்கிறது. மதுரையில் இருக்கிறீர்கள், 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது, வாங்குவதற்கு முன் அங்கே ஒரு நடை போய்வாருங்கள். டியூயி எண் முறையில் அடுக்கும் எந்த நூலகத்திலும் உளவியல் 150இல் தொடங்கும். 158 சுயமுன்னேற்ற வகை. 130க்குப் போனால் ஆவி, மாந்திரீகம். நீங்கள் தேட வேண்டியது 616.89. அது உளவியல் பக்கமே இருக்காது. மருத்துவப் பகுதியில், இதய நோய், சர்க்கரை நோய்ப் புத்தகங்களோடு சேர்ந்து இருக்கும். மனநோயும் நோய்தான் என்று மனநல மருத்துவர்கள் நாங்கள் கூட்டம் போட்டுச் சொல்லிக்கொண்டிருப்பதை அந்த அலமாரி சத்தமில்லாமல் சொல்லிவிடுகிறது.

அங்கே போனதும் அட்டையைப் பார்க்காதீர்கள், ஆண்டைப் பாருங்கள். இதை நான் வலியுறுத்த ஒரு காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அம்மா ஒரு பழைய புத்தகத்தோடு என் அறைக்கு வந்தார். பென்சிலால் கோடு போட்ட பக்கத்தைக் காட்டி, “அப்ப நான்தான் காரணமா டாக்டர்?” என்று கேட்டார். தாயின் வளர்ப்பால்தான் இந்த நோய் வருகிறது என்று அதில் எழுதியிருந்தது. 1948இல் ஃப்ரீடா ஃப்ராம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், மகனுக்கு மனச்சிதைவை உண்டாக்கும் தாய் என்றே ஒரு வகையைச் சொன்னார். 1967இல் புருனோ பெட்டல்ஹைம் ஆட்டிசத்துக்கும் தாயின் அன்பின்மைதான் காரணம் என்று ஒரு புத்தகமே எழுதினார். இரண்டும் ஆராய்ச்சியில் நிற்கவில்லை. ஆனால் அச்சான வரி அவ்வளவு சுலபத்தில் சாகாது. ‘வளர்ப்பு சரியில்லை’ என்று ஊர் ஏற்கெனவே சொல்லிக்கொண்டிருக்கும் வீட்டில் அப்படி ஒரு புத்தகம் என்ன செய்யும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மொழிபெயர்ப்பு நூல்களில் இன்னும் கவனம் வேண்டும். தமிழ்ப் பதிப்பு போன வருடம் வந்ததாக இருக்கும், மூலம் அறுபது வருடப் பழசாக இருக்கும். தலைப்புப் பக்கத்துக்குப் பின்னால் பொடி எழுத்தில் மூல நூலின் ஆண்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கில நூல் என்றால் எனக்கு ஒரு குறுக்குவழி உண்டு. கடைசியில் உள்ள சொல்லடைவில் ‘க்ளோசபின்’ என்ற மருந்தின் பெயரைத் தேடுவேன். மற்ற மருந்துகளுக்கு அடங்காத மனச்சிதைவுக்குக் கொடுப்பது அது; அமெரிக்காவில் 1989இல் அனுமதி கிடைத்தது. மனச்சிதைவைப் பற்றிய சிகிச்சை நூலில் அந்தப் பெயரே இல்லை என்றால், ஒன்று புத்தகம் பழசு, அல்லது எழுதியவர் மருந்துப் பக்கமே போகாதவர். தமிழ் நூல்களில் பெரும்பாலும் சொல்லடைவு இருக்காது. அதற்கு வேறு சோதனை: மனச்சிதைவை ‘இரட்டை ஆளுமை’ என்று எழுதியிருந்தால் மூடி வைத்துவிடுங்கள். 1908இல் ஆய்கன் ப்ளாய்லர் என்ற சுவிஸ் மனநல மருத்துவர் ஸ்கிசோஃப்ரீனியா என்ற பெயரை வைத்தபோது, சிந்தனை, உணர்ச்சி எல்லாம் ஒன்றோடொன்று இணையாமல் பிரிந்துபோவதைத்தான் சொன்னார். ஒரே உடம்பில் இரண்டு ஆட்கள் என்பது சினிமா சமாச்சாரம்.

சரி, எதைப் படிப்பது? உங்கள் கடிதத்தில் எனக்குப் பெரிதாகப் பட்டது ‘தனக்கு நோயே இல்லை என்கிறான்’ என்ற வரிதான். அதற்கென்றே ஒரு புத்தகம் இருக்கிறது: ஸேவியர் அமடோர் எழுதிய ‘ஐ ஆம் நாட் சிக், ஐ டோன்ட் நீட் ஹெல்ப்’. 2000இல் வந்தது, பிறகு திருத்திய பதிப்புகளும் வந்தன. புதிதாகக் கிடைப்பதை வாங்குங்கள். அமடோர் ஓர் உளவியலாளர், அவருடைய அண்ணனுக்கே இந்த நோய் இருந்தது. நோயாளி வீம்புக்கு மறுப்பதில்லை, பல பேருக்குத் தன் நோயைத் தானே உணர முடியாமல்போவதும் நோயின் ஒரு பகுதிதான் என்று விளக்குகிறார். அதனால் ‘உனக்கு நோய்’ என்று நிரூபிக்க வாதாடுவதை விட்டுவிடச் சொல்கிறார். முதலில் காது கொடுத்துக் கேட்க வேண்டும், அவன் படும் பாட்டைப் புரிந்துகொண்டதாகக் காட்ட வேண்டும், இருவருக்கும் உடன்பாடான ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த நோயில் யாரும் பேசாதபோதும் காதில் குரல் கேட்பதுண்டு; தம்பிக்கும் அப்படி இருந்தால் ‘குரல் கேட்பது நிஜம்’ என்பான். ஆனால் ‘ராத்திரி தூக்கம் வரவில்லை’ என்பதை அவனும் ஒத்துக்கொள்ளலாம். மாத்திரைப் பேச்சை அங்கிருந்து தொடங்கலாம். எல்லோரிடமும் இது பலிக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன். தினம் நடக்கும் சண்டையாவது குறையும்.

நோயைப் பற்றிய முழு விவரத்துக்கு அமெரிக்க மனநல மருத்துவர் ஃபுல்லர் டோரி எழுதிய ‘சர்வைவிங் ஸ்கிசோஃப்ரீனியா’. 1983இல் முதலில் வந்தது, ஏழாம் பதிப்பு 2019. தடிப் புத்தகம், முதலிலிருந்து கடைசிவரை படிக்க வேண்டாம், அறிகுறி, மருந்து, பக்கவிளைவு பற்றிய பகுதிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய தங்கைக்கும் இதே நோய். கட்டாய சிகிச்சை விஷயத்தில் அவர் கொஞ்சம் கறார், அதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. சட்டம், காப்பீடு பற்றியெல்லாம் அவர் சொல்வது அமெரிக்காவுக்கு. நமக்கு 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம்தான். உடம்பு நன்றாக இருக்கும்போதே ‘எனக்கு இப்படித்தான் சிகிச்சை வேண்டும்’ என்று எழுதிவைக்கவும், தன் சார்பில் ஒருவரை நியமிக்கவும் தம்பிக்கு அதில் உரிமை இருக்கிறது.

உள்ளே இருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்று தெரிய எலின் சாக்ஸின் ‘தி சென்டர் கேன்னாட் ஹோல்ட்’, 2007. மனச்சிதைவோடு வாழும் சட்டப் பேராசிரியர். மாத்திரையைக் குறைத்துப் பார்ப்பதும் மறுபடி விழுவதுமாகப் பல ஆண்டுகள் அவர் பட்டதைப் படித்தால், தம்பியின் பிடிவாதம் மேல் உங்களுக்கு இருக்கும் கோபம் கொஞ்சம் தணியும். ஆனால் படித்துவிட்டு ‘அவரைப் பார், நீயும் ஆகலாம்’ என்று ஆரம்பித்துவிடாதீர்கள். குளித்து, சாப்பிட்டு, அரை நாள் வேலைக்குப் போய்வருவதே இந்த நோயில் பெரிய வெற்றியாக இருக்கக்கூடும்.

அம்மாவுக்கு இந்த நோயைப் பற்றித் தமிழில், குடும்பத்தாரை மனதில் வைத்து எழுதிய, கையில் கொடுத்துவிடும்படியான புத்தகங்கள் குறைவு. டாக்டர் சாரதா மேனன் 1984இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ இந்த நோய்க்காகவே ஏற்பட்ட அமைப்பு; குடும்பத்தாருக்குத் தமிழில் என்ன கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். தம்பி போகும் மருத்துவமனையின் சமூகப் பணியாளரிடமும் கேளுங்கள். கிடைக்கும்வரை நீங்கள் ஆங்கிலத்தில் படித்ததை ராத்திரி சாப்பிட்டபின் அம்மாவுக்குத் தமிழில் சொல்லுங்கள். வளர்ப்பால் வந்ததில்லை என்ற பகுதியை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

தம்பிக்கு இப்போதைக்குப் புத்தகம் எதுவும் வேண்டாம். இந்தக் கட்டத்தில் ஒரு பக்கம் படிப்பதற்குள் கவனம் சிதறும். அப்புறம், இந்த நோய்க்கான மருந்தால் வரும் கை நடுக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரையால் கிட்டத்து எழுத்து மங்கலாகவும் தெரியலாம். ‘படிக்கவே மாட்டேங்கிறான்’ என்று அதையும் ஒரு குறையாக்க வேண்டாம். புத்தகத்தில் பார்த்ததை வைத்து மாத்திரை அளவை நீங்களாகவே கூட்டவோ குறைக்கவோ கூடாது. சந்தேகம் வரும் பக்கங்களில் ஒரு சீட்டு வையுங்கள், அடுத்த தடவை டாக்டரிடம் போகும்போது புத்தகத்தையே எடுத்துப் போங்கள். அதற்குள் அவசரமாக ஏதாவது கேட்க வேண்டியிருந்தால் 14416, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ். தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது.