வைகை மணல் ஓவியத்தில் பூத்த வெள்ளை

பிள்ளைகள் மணலைப் பசையில் ஒட்டிச் செய்த வைகைப் படங்களில் ஒரே வாரத்தில் வெள்ளை படர்ந்துவிட்டது, பூஞ்சையா என்று கேட்டிருந்தீர்கள். அது பூஞ்சை இல்லை, உப்பாகத்தான் இருக்கும். ஆற்றங்கரை என்கிற ஊரில், வைகை கடலில் கலக்கிற இடத்து மணல் என்கிறீர்கள். அதை அலசாமல் பசையில் ஒட்டினால் ஈரம் காயக் காய உப்பு மேலே வந்து பூக்கும்.

மீதி மணலில் ஒரு கைப்பிடியைக் கேன் தண்ணீரில் கலக்கி, தெளிந்த நீரை மட்டும் கருப்புத் தட்டில் வற்ற விடுங்கள். வெள்ளையாகக் கனத்த படிவு தங்கினால் உப்பேதான். அப்புறம் நாலைந்து தண்ணீர் மாற்றி அலசி, காயவைத்து ஒட்டச் சொல்லுங்கள். (போர்த் தண்ணீர் வேண்டாம், நம்ம பக்கம் அதுவே பாதி கடல்!)

முடித்த படங்களை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். பசை இளகி, படகும் கொக்கும் கையோடு வந்துவிடும். உலர்ந்த தூரிகை போதும். மழைக்கால ஈரத்துக்குப் பிறகு மறுபடி பூக்கலாம்.

தூரிகையில் உதிர்ந்த வெள்ளையில் சொட்டு நீர் விட்டும் கரையவில்லையா? அப்படியானால் அது கிளிஞ்சல் தூளாக இருக்கலாம், மணலைச் சலிக்கத்தான் வேண்டும்.