பல் போனது, மரப்பு போகவில்லை: பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறோம். டவுனில் உள்ள தனியார் பல் கிளினிக்கில் கீழ்வரிசை ஞானப்பல்லை அறுத்து எடுத்தார்கள். 850 ரிங்கிட் கட்டினேன். மூன்றாம் நாளிலிருந்து வலி காது வரை ஏறுகிறது. இரவில் தூக்கமே இல்லை. ஒரு வாரமாகியும் கீழுதடும் முகவாயும் மரத்தே கிடக்கின்றன. கேட்டால், "போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறார்கள். மாமியார் கிராம்புத் தைலம் ஊற்றச் சொல்கிறார். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் வழக்குப் போட்டால் பணம் கிடைக்குமா?

பதில்: சகோதரி, வழக்கு ஓடிப்போய்விடாது. முதலில் வலியைப் பாருங்கள். வலி ஒன்று, மரப்பு வேறொன்று; இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி மருத்துவரிடம் சொன்னால், ஒரே சமாதானத்தோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பல் எடுத்த இரண்டு மூன்று நாள் கழித்துத் தொடங்கி, காதுக்கு ஏறும் வலி பெரும்பாலும் "டிரை சாக்கெட்" எனப்படும் தொல்லை. பல் இருந்த குழியை மூடி நிற்க வேண்டிய இரத்த உறைவு கழன்றுபோய், எலும்பு திறந்து கிடக்கும் நிலை அது. பல் மருத்துவர் குழியைக் கழுவி மருந்து வைத்தால் விரைவில் வலி தணியத் தொடங்கும். அந்த மருந்துகள் பலவற்றில் கிராம்பிலிருந்து வரும் யூஜினால் சேர்ந்திருக்கிறது. ஆகவே மாமியார் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. ஆனால் பாட்டில் தைலத்தை அப்படியே புண்ணில் ஊற்றினால் சதை வெந்துபோகும். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரால் மெதுவாகக் கொப்பளியுங்கள். ஸ்ட்ரா, சிகரெட், வெற்றிலை பாக்கு எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.

மாத்திரை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. கிளினிக் உறையில் "பாராசிட்டமோல்" என்று எழுதியிருப்பதும் மளிகைக் கடையில் வாங்கும் பனடோலும் ஒரே மருந்துதான். இரண்டையும் சேர்த்து எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளில் எட்டுக்கு மேல் போகக் கூடாது. போனால் கல்லீரல் கெடும். பல்வலிக்கு ஐபுபுரோஃபென் நன்றாகக் கேட்கும். ஆனால் குடல்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா, கர்ப்பம் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடாதீர்கள். டெங்கி சந்தேகம் இருந்தாலும் அப்படியே.

இனி மரப்பு. ஊசி மருந்தின் மரப்பு சில மணி நேரத்தில் விட்டுவிடும். ஒரு வாரம் நீடித்தால், கீழ்த்தாடை எலும்புக்குள் ஓடும் உணர்வு நரம்பு அழுத்தமோ காயமோ பட்டிருக்கிறது என்று பொருள். சிலருக்கு ஞானப்பல்லின் வேர் அந்த நரம்பை ஒட்டியே இருக்கும். கவனமாகச் செய்யும் மருத்துவர் கையிலும் இது நேரலாம். பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் அல்லது மாதங்களில் உணர்வு திரும்புகிறது. எறும்பு ஊர்வது போன்ற குறுகுறுப்பு வந்தால் அது நல்ல அறிகுறி. ஒரு சிலருக்கு மரப்பு நிரந்தரமாகத் தங்கிவிடுவதும் உண்டு. அதனால்தான் "சரியாகிவிடும்" என்ற வாய்ச்சொல் போதாது. மரத்த இடம் எவ்வளவு என்பதைக் கிளினிக் தேதியோடு குறித்து வைக்க வேண்டும்; வாய், தாடை அறுவை நிபுணருக்குக் கடிதமும் தர வேண்டும். ஈப்போ பொது மருத்துவமனையில் அந்தப் பிரிவு இருக்கிறது. தனியார் கிளினிக் இழுத்தடித்தால், அரசு பல் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் 1 ரிங்கிட்தான். மரத்த இடத்தில் எரிச்சலோ மின்சாரம் பாய்வது போன்ற வலியோ இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள். நரம்பு வலிக்கு மருந்தே வேறு. சூடான தே தாரேயைக் குடிக்கும்முன் விரலால் சூடு பாருங்கள், உதட்டுக்குத் தெரியாது. நரம்பைச் சரிசெய்யும் என்று சொல்லி நூற்றுக்கணக்கில் விற்கும் நேரடி விற்பனை டப்பாக்களுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

காய்ச்சலோடு கழுத்து வீங்கினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமமானாலோ காத்திருக்காமல் 999ஐ அழையுங்கள்.

பணத்துக்கு வருவோம். 5 ரிங்கிட் கட்டி, 50,000 ரிங்கிட் வரை கோரலாம் என்பதால் எல்லோரும் நடுவர் மன்றத்தைத்தான் நினைக்கிறார்கள். உங்களுக்கு அந்தக் கதவு திறக்காது. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் மருத்துவச் சேவையைத் தன் வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறது. உடற்காயத்துக்கான கோரிக்கையையும் மன்றம் ஏற்பதில்லை. பழுதான குளிர்சாதனப் பெட்டிக்கு இருக்கும் வழி மரத்த உதட்டுக்கு இல்லை என்பது எனக்கும் உறுத்தலாகத்தான் இருக்கிறது.

நரம்பு பாதித்தது என்பதே தவறு நடந்ததற்குச் சான்று ஆகாது. முக்கியமான கேள்வி, இப்படி நேரலாம் என்று முன்கூட்டியே சொன்னார்களா என்பது. நோயாளியின் முடிவை மாற்றக்கூடிய ஆபத்தை மருத்துவர் சொல்லியாக வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2006 இறுதியில் தீர்ப்பளித்திருக்கிறது. நீங்கள் கையெழுத்திட்ட சம்மதப் பாரத்தில் மரப்பு பற்றி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அதன் நகல், எக்ஸ்ரே, விவரமான பில், மருத்துவ அறிக்கை நான்கையும் எழுத்து மூலம் கேளுங்கள். வாட்ஸ்அப் செய்தியும் எழுத்துதான்.

முதல் புகார் கிளினிக்குக்கே போகட்டும். குழிக்கு மருந்து வைக்கப் பணம் வாங்காமல் பார்க்கும்படி கேட்பது நியாயமே. பல இடங்களில் ஒத்துக்கொள்கிறார்கள். பதில் இல்லையென்றால் மாநிலச் சுகாதார இலாகாவுக்கு எழுதுங்கள். மருத்துவரின் நடத்தை பற்றிய புகாரை மலேசியப் பல் மருத்துவ மன்றம் விசாரிக்கும். தண்டிக்கும் அதிகாரம் அதற்கு உண்டு, இழப்பீடு தராது. இழப்பீட்டுக்கு நீதிமன்றம்தான். தீபகற்பத்தில் தனியார் மீது ஆறு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். அரசு மருத்துவமனை என்றால் 36 மாதம்தான். உணர்வு எந்த அளவுக்குத் திரும்புகிறது என்று தெரிந்த பிறகு வழக்கறிஞரைப் பாருங்கள். இப்போதே ஓடினால் செலவுதான் மிஞ்சும்.

கேள்வி: பல் மருத்துவர் கொடுத்த எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்று) செல்லாது என்று எங்கள் மண்டோர் (தோட்ட வேலை மேற்பார்வையாளர்) சொல்கிறார். உண்மையா?

பதில்: இல்லை. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம் பல் மருத்துவர் தரும் மருத்துவ விடுப்பையும் ஏற்கிறது. பணிக்காலம் இரண்டு ஆண்டுக்குக் குறைவென்றால் ஆண்டுக்கு 14 நாள், ஐந்து ஆண்டுக்குக் குறைவென்றால் 18, அதற்கு மேல் 22. விடுப்பு தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் தோட்ட அலுவலகத்துக்குத் தகவல் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியும் சம்பளத்தில் வெட்டினால், எம்.சி. நகலோடும் சம்பளச் சீட்டோடும் தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள்.