பெய்ஜிங் பஞ்சாயத்து: கேள்வி பதில்

முறிந்த தூதரக உறவைப் புதுப்பிக்க 2023இல் பெய்ஜிங்கில் கையெழுத்தான சவூதி–ஈரான் உடன்பாட்டில் சீனாவின் பங்கு பற்றிப் போன வாரக் கூட்டத்தில் பேசினேன். சீட்டில் எழுதித் தந்த கேள்விகளுக்கு இங்கே பதில்.

பெரம்பூர்: ஏழு வருடப் பகையை நாலே நாளில் தீர்த்துவிட்டதாமே சீனா?

தீர்த்தது என்று சொல்லாதீர்கள். 2016 ஜனவரியில் ஷியா மதகுரு நிம்ர் அல்-நிம்ருக்கு சவூதி மரண தண்டனை நிறைவேற்றியது. அந்தக் கோபத்தில் ஈரான் தலைநகர் தெஹ்ரானில் சவூதி தூதரகத்தைக் கொளுத்தினார்கள். உறவு முறிந்தது. 2021 ஏப்ரலில் பாக்தாதில் ரகசியமாகப் பேச ஆரம்பித்து, ஒரு வருடத்தில் ஐந்து சுற்று முடித்தார்கள். ஓமனும் இடம் கொடுத்தது. ஆக, சமைத்தது பாக்தாதும் ஓமன் தலைநகர் மஸ்கட்டும். 2023 மார்ச்சில் இலை போட்டுப் பரிமாறியது பெய்ஜிங்.

அதற்காகச் சீனாவை லேசாகவும் எடை போட வேண்டாம். இருவரிடமும் எண்ணெய் வாங்கும் பெரிய வாடிக்கையாளர் அது. கடைக்காரர்கள் இருவருமே அவர் பேச்சைத் தட்ட யோசிப்பார்கள். அமெரிக்காவுக்கோ 1980லிருந்து ஈரானுடன் தூதரக உறவே இல்லை. மார்ச் 10 அறிக்கையில் மூன்று நாடுகளும் கையெழுத்திட்டன: இரண்டு மாதத்துக்குள் தூதரகங்களைத் திறப்பது, 2001ஆம் ஆண்டின் பாதுகாப்பு ஒப்பந்தத்துக்கு உயிர் கொடுப்பது. யாராவது மீறினால் சீனா என்ன செய்யும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. பஞ்சாயத்து செய்பவர் வேறு, ஜாமீன் போடுபவர் வேறு.

தாம்பரம்: இதனால் பெட்ரோல் விலை குறையுமா?

என் துறை இல்லை.

அண்ணா நகர்: அப்படியானால் மேற்காசியாவுக்கு இனி சீனாதான் காவலா?

ஜாமீன் வேறு என்று இப்போதுதானே சொன்னேன்.

மயிலாப்பூர்: 1987இல் இலங்கையில் இந்தியா செய்ததும் இதே வேலைதானே?

இல்லவே இல்லை. ஜூலை 29 அன்று கொழும்பில் இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்தனாவும். சண்டை போட்ட புலிகள் அதில் கையெழுத்திடவே இல்லை. மறுநாளே நம் படை யாழ்ப்பாணம் போனது. அக்டோபரில் புலிகளோடு போர். நடுவர் ஜாமீனும் போட்டு, கடைசியில் வழக்கில் பிரதிவாதியாகவும் நின்றார்.

கொளத்தூர்: அந்த ஒப்பந்தத்தில் பிறந்த, இலங்கை அரசியல் சட்டத்தின் 13ஆவது திருத்தத்தை மறைக்கிறீர்களே? மாகாண சபை வந்தது எப்படி?

மறைக்கவில்லை, ஐயா. இன்றும் தமிழர் தரப்பு கையில் பிடித்திருக்கும் காகிதம் அதுதான். ஆனால் அதற்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிர் கொடுத்தார்கள். 1990 மார்ச்சில் படை சென்னைத் துறைமுகம் திரும்பியபோது முதல்வர் கருணாநிதி வரவேற்கப் போகவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும்.

வளசரவாக்கம்: செத்தது வீரர்கள் மட்டும்தானா? யாழ்ப்பாணத்தில் செத்த எங்கள் சனத்தை யார் கணக்கில் எழுதுவது?

என் பதிலில் அவர்கள் விடுபட்டது தப்பு. ஒத்துக்கொள்கிறேன்.

ராயபுரம்: சரி சார், சீனா நல்ல நடுவரா, கெட்ட நடுவரா?

நாலாவது சீட்டு இதே கேள்வியோடு. பெரம்பூருக்குச் சொன்னதைப் படியுங்கள். வளசரவாக்கம் அம்மா, 1985இல் பூடான் தலைநகர் திம்புவில் நடந்த பேச்சில் தமிழ்ப் போராளி இயக்கங்களும் மேசையில் இருந்தன, 1987இல் இல்லை. அந்த இரண்டு வருடத்தை உங்கள் வீட்டில் எப்படிப் பேசிக்கொண்டார்கள்? அடுத்த வாரம் கேள்விச் சீட்டு வேண்டாம், நீங்கள் பேசுங்கள்.